மிஸ், நான் என்ன பாவம் பண்ணினேன்?

போன இதழில், சாகக் கிடக்கிறவரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் தாதி வேலைதான் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்தத் தடவை பக்கம் முழுக்க. பிரஷர், சீனி வருத்தம் பற்றிக் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம், உங்களுடையது அடுத்த இதழில் வரும். பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருக்கிறார்கள், போடவில்லை.

கேள்வி: நுவரெலியா மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறேன், வேலைக்கு வந்து இரண்டு வருஷம். எங்கள் வாட்டில் ஒரு அம்மா, கொழுந்து பறித்தவர், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிப் பரவிவிட்டது. இரவு டியூட்டியில் பிரஷர் பார்க்கும்போது என் கையைப் பிடித்து, “மிஸ், நான் என்ன பாவம் பண்ணினேன்? யாருக்கும் ஒரு கெடுதல் நினைச்சதில்லையே” என்றார். “அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா, எல்லாம் சரியாகும்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். மூன்றாம் நாள் இறந்துவிட்டார். இதற்கெல்லாம் பதில் சொல்வது என் வேலையா? ஆன்மீகப் பராமரிப்பு என்று ஒரு பாடம் படித்தோம், பரீட்சைக்கு எழுதினோம், அவ்வளவுதான்.

பதில்: மகளே, முதலில் உன்னை நீயே தின்பதை நிறுத்து. இரவில் ஒரு வாட்டு முழுக்க இரண்டு பேர் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், முப்பத்து மூன்று வருஷம் அந்த வேலை பார்த்தவள் நான். அடுத்த கட்டிலில் சேலைன் முடிந்து இரத்தம் குழாய்க்குள் ஏறிக்கொண்டிருக்கும், கதவுப் பக்கம் ஒருவர் வாந்தி எடுப்பார், அந்த நேரத்தில்தான் இந்தக் கேள்வி வரும். பகலில் யாரும் கேட்பதில்லை. டொக்டர் ரவுண்டில் வரும்போது “சுகமா இருக்கேன் ஐயா” என்பார்கள், ராத்திரி ரெண்டு மணிக்குத் தாதியிடம்தான் “நான் என்ன பாவம் பண்ணினேன்” என்பார்கள். அதனால்தான் சொல்கிறேன், ஆமாம், இது உன் வேலைதான். உன்னிடம்தானே கேட்டார்.

சிசிலி சாண்டர்ஸ் என்று ஒரு ஆங்கிலேயப் பெண்மணி. தாதியாகத் தொடங்கி, முதுகு வருத்தத்தால் அதை விட்டு ஆஸ்பத்திரிச் சமூக சேவகியாகி, பிறகு படித்து டொக்டரும் ஆனவர். 1967இல் லண்டனில் சென்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற நிலையத்தைத் திறந்தார், சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இன்றைய முறைக்கு அதுதான் தாய்வீடு. அவர் சொன்னது ‘முழு வலி’ என்பது. உடம்பு வலி, மனசு வலி, குடும்பத்தைப் பற்றிய கவலை, வாழ்ந்ததற்கு அர்த்தம் என்ன என்கிற தவிப்பு, நான்கும் ஒன்றாகப் பின்னித்தான் கிடக்கும், ஒன்றை மட்டும் உருவி எடுத்துவிட முடியாது. உலக சுகாதார நிறுவனமும் வலி தணிப்புப் பராமரிப்பு என்றால் ஆன்மீகத் துன்பத்தையும் சேர்த்தே சொல்கிறது.

அதற்காக வலியில் துடிக்கிறவரிடம் போய் சாமியைப் பற்றிப் பேசாதே. மோர்பின் நேரத்துக்குக் கொடுத்தாயா, கட்டில் புண்ணுக்கு மருந்து கட்டினாயா, மலம் போனதா, முதலில் அதைப் பார். உடம்பு கொஞ்சம் அடங்கினால்தான் வாய் திறக்கும்.

சரி, அந்தக் கேள்விக்கு என்ன சொல்வது? முதலில் ஒன்றும் சொல்லாதே. பிரஷர் பட்டியைக் கழற்றிக்கொண்டே, “ஏம்மா அப்படித் தோணுது?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில் நான் கேட்டவை என்னென்ன தெரியுமா? தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு மலைக்குப் போன குழந்தை காய்ச்சலில் செத்துப்போனது. மாமியாரோடு பேசாமலே இருந்து, கடைசியில் அவருக்கு வாய்க்கரிசி போட மட்டும் போனது. மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்து, எடுக்காமலே எட்டு வருஷம் ஓடிப்போனது. அந்த நேர்த்திக்கடன்காரப் பெண்ணின் தங்கையிடம் சொன்னோம், அந்த வருஷத் திருவிழாவில் தங்கை எடுத்தாள். நான் செய்தது ஒரு போன் கோல்தான்.

இன்னொன்று. நம் பக்கம் இந்த நோய்க்கு ஒரு வெட்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, லயத்தில் ஜாடையாகப் பேசுவார்கள். அந்த அம்மா அதையும் சேர்த்துத்தான் கேட்டிருப்பார் என்று எனக்குப் படுகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் எச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது, குடும்ப வாழ்க்கைக்குள் வந்த பெரும்பாலானோருக்கும் எப்போதாவது தொற்றி, அநேகம் பேருக்குத் தானாகவே போய்விடும் வைரஸ் அது. 2017இலிருந்து நம் பள்ளிக்கூடங்களில் பெண் பிள்ளைகளுக்கு ஊசி போடுவது இதற்காகத்தான். “அம்மா, இது பாவத்தால வர்ற வருத்தம் இல்ல, ஒரு கிருமியால வர்றது. உங்க பேரப்பிள்ளைக்கு இது வராம இருக்க இப்ப ஊசி இருக்கு” என்று ஒரு தாதி சொன்னால், பூசாரி சொல்வதை விட அது ஆழமாக இறங்கும். ஆனால் அவர் பேசி முடித்த பிறகு சொல். முந்திக்கொண்டு சொன்னால் அதுவும் வாயடைப்புத்தான்.

பாடத்தில் படித்ததை மறந்துவிட்டாய் என்றால் நான்கு கேள்வி போதும், கிறிஸ்டினா புச்சால்ஸ்கி என்ற அமெரிக்க டொக்டர் வகுத்த முறை இது, நான் நம் பேச்சில் தருகிறேன். கஷ்டம் வந்தா எதைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? உங்களுக்குன்னு யாரு இருக்கா, கோயிலோ கூட்டமோ சொந்தமோ? இதுல நாங்க என்ன செஞ்சு தரணும்? பேப்பரும் பேனாவுமாக நின்று கேட்காதே. உடம்பு துடைக்கும்போது கேள், பக்கம் மாற்றிப் படுக்க வைக்கும்போது கேள். தனியாக நேரம் ஒதுக்கித்தான் இதைச் செய்ய வேண்டும் என்றால் எந்தக் காலத்திலும் செய்ய மாட்டோம். கை வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான் நோயாளி பேசுவார், நம் முகத்தைப் பார்க்காமல் பேசலாம் என்பதால்.

கேட்டதை உனக்குள் புதைத்துக்கொள்ளாதே. டியூட்டி மாறும்போது காய்ச்சல், சிறுநீர் அளவு சொல்கிறாய் அல்லவா, அதோடு “ராத்திரி பாவம் பற்றிக் கேட்டு அழுதார், நேர்த்தி ஒன்று பாக்கியாம்” என்று சொல், நோயாளியின் குறிப்பு எழுதுகிற டிக்கெட்டிலும் எழுது. அடுத்து வருகிறவள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. படித்தது போதாது என்று உனக்கு மட்டும் தோன்றுவதாக நினைக்காதே, 2010இல் பிரித்தானியாவின் றோயல் தாதியர் கல்லூரி தன் அங்கத்தவர்களைக் கேட்டபோது 4,000க்கும் மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள், அவர்களில் ஐந்தில் நான்கு பேரளவில் இதற்குப் போதிய பயிற்சி இல்லை என்றுதான் சொன்னார்கள்.

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டம். அம்மா ஈரல் பழுதாகி ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு வாரம் இருந்தார். கையில் கட்டியிருந்த மாரியம்மன் கோயில் மஞ்சள் கயிற்றை ஒரு நர்ஸ் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார். சேலைன் ஏற்ற வேண்டுமாம். அதற்குப் பிறகு அம்மா மணிக்கட்டைத் தடவித் தடவிப் பார்த்தபடியே இருந்தார். திருநீறு பூசுவதற்கும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். எதற்கு உரிமை இருக்கிறது, எதற்கு இல்லை?

பதில்: தம்பி, உங்கள் கோபம் நியாயம். அந்தப் பிள்ளைக்கு அது அழுக்கு நூல், உங்கள் அம்மாவுக்கு அதுதான் காவல். நானும் ஒரு தடவை வெட்டியிருக்கிறேன், சொல்லித்தான் ஆக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிங்களப் பெரியவரின் பிரித் நூல், பிக்குகள் ஓதிக் கட்டுவது. கை வீங்கி நூல் சதைக்குள் இறங்கியிருந்தது, வெட்டியது சரிதான், கேட்காமல் வெட்டியது பிழை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, விடியும்வரை மற்றக் கையால் அந்த மணிக்கட்டைப் பொத்திக்கொண்டே படுத்திருந்தார். உங்கள் கடிதத்தை வாசித்தபோது அந்தக் கைதான் கண் முன்னால் வந்தது. அதற்குப் பிறகு நான் கேட்காமல் எதையும் கழற்றியதில்லை. “கை வீங்கியிருக்கு, அவுத்து மத்தக் கையில கட்டிவிடவா, இல்ல தலகாணிக்கு அடியில வைக்கவா?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொன்ன ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

சூடமும் விளக்கும் கூடாது, அதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஒக்சிஜன் ஓடுகிற இடத்தில் ஒரு பொறி போதும். திருநீறு நெற்றியில் கொஞ்சமாகப் பூசலாம், மூச்சுத் திணறுகிறவருக்கு மூக்கருகே தூவ வேண்டாம், நனைத்துக் குழைத்துப் பூசுங்கள். தீர்த்தம் வாயில் ஊற்றுவது ஆபத்து, விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும், பஞ்சில் தொட்டு உதட்டை நனைத்தால் போதும், அதை நர்ஸிடம் கேட்டே செய்யுங்கள், பலர் தாங்களே செய்து தருவார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது உலோகத் தாயத்தைக் கழற்றத்தான் வேண்டும், கழற்றிய உடனே உங்கள் கையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்ற வீட்டார்களுக்கும் சொல்கிறேன். கத்தோலிக்கர்கள் நோயில் பூசுதலுக்குச் சுவாமியைக் கடைசி மூச்சு வரைக்கும் அழைக்காமல் இருக்கிறார்கள், அது சாவுக்கு மட்டும் உரியது அல்ல, கடுமையாக நோயுற்றிருக்கும்போதே பெறலாம், நினைவு இருக்கும்போது பெற்றால்தான் அவருக்கும் ஆறுதல். முஸ்லிம் வீட்டார் காதருகே மெதுவாகக் கலிமா சொல்லவும், கட்டிலைத் தொழுகைத் திசையான கிப்லாப் பக்கம் திருப்பவும் கேட்டால், வாட்டு சிஸ்டர் சக்கரத்தின் பிரேக்கை எடுத்துவிட்டாலே வேலை முடிந்தது. யாராக இருந்தாலும் வாட்டில் சேரும்போதே சொல்லிவிடுங்கள். நெருக்கடி வந்த பிறகு சொன்னால் யாருக்கும் காது கேட்காது.

கேள்வி: நான் கிறிஸ்தவள், ஹட்டனில் தாதி. நோயாளிகளுக்காகச் சத்தமாக ஜெபிக்கலாமா? சிலர் சந்தோஷப்படுகிறார்கள்.

பதில்: அவர் கேட்டால் செய்யுங்கள், கேட்காவிட்டால் மனசுக்குள் செய்யுங்கள். படுத்துக் கிடக்கிறவருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள், ஊசி போடுவதும் நீங்கள், பெட்பான் வைப்பதும் நீங்கள், உங்களைப் பகைத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? சந்தோஷப்படுவதாகத் தெரிகிறவர்களில் எத்தனை பேர் பயத்தில் தலையாட்டுகிறார்கள் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. சர்வதேச தாதியர் பேரவையின் ஒழுக்கக் கோவையும் நோயாளியின் நம்பிக்கையும் வழக்கமும் மதிக்கப்படுகிற சூழலைத் தாதி உண்டாக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஒரு பெரியம்மா உங்களிடம் கந்தசஷ்டிக் கவசம் வாசிக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? விருப்பமில்லை என்றால், வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிக் கூட்டிவந்து உட்கார வையுங்கள், நம்பிக்கை உள்ள ஒருத்தியாக நீங்கள் செய்யக்கூடிய பெரிய காரியம் அதுதான்.

கேள்வி: சாமியே இல்லை என்கிறவருக்கு என்ன ஆன்மீகப் பராமரிப்பு? எங்கள் வாட்டில் பழைய தொழிற்சங்கக்காரர் ஒருவர் இருக்கிறார். திருநீற்றை நீட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். (ஆண் தாதி, பதுளை)

பதில்: திருநீற்றை நீட்டாதீர்கள், தம்பி. அவரிடம் வேறு ஏதாவது இருக்கும். இதை விளக்கிச் சொல்வதை விட நடந்ததைச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, எங்கள் வாட்டில் ஒரு பெரியவர், நுரையீரல் புற்று. அவரும் சங்கக்காரர்தான். பூசாரி வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். ஆனால் தினமும் சாயந்தரம் ஒரு கேள்வி கேட்பார், “கோத்தகிரியில இப்ப என்ன மணி இருக்கும்?” வயசாகிப் புத்தி தடுமாறுகிறது என்று எல்லோரும் விட்டுவிட்டோம். நானும்தான். எங்கள் வாட்டில் ஒரு சிங்களப் பையன், தாதி, தமிழ் கொஞ்சம்தான் தெரியும், ஆனால் தெரிந்த தமிழை வெட்கப்படாமல் பேசுவான். அவன் ஒருநாள் கால் கழுவிவிட்டுக்கொண்டே, “தாத்தா, இங்க மணி அஞ்சு, அங்கயும் அஞ்சுதான். கோத்தகிரி யாரு?” என்று கேட்டான். யார் என்று கேட்டான், எங்கே என்று கேட்கவில்லை. பெரியவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என் தம்பி” என்றார்.

1964இல் இலங்கையும் இந்தியாவும் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்களே, நம் தோட்டத்து மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்களே, அதில் அண்ணனுக்கு இங்கே, தம்பிக்கு அங்கே. அப்படித் திரும்பியவர்கள் பலரைத் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கொடுத்துக் குடியேற்றியது, தம்பியும் அப்படித்தான் கோத்தகிரி போய்ச் சேர்ந்தார். இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்குப் போகிற கோச்சி ஏறும் நாளில் வீட்டில் ஏதோ பாத்திரம் பண்டத்துச் சண்டை, இவர் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போகவில்லை. கோச்சி கூவுகிற சத்தத்தை லயத்து வாசலில் நின்று கேட்டிருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சத்தம் உள்ளேயே இருந்திருக்கிறது.

அந்தப் பையன் மகளிடம் சொல்லி, மகள் யார் யாரையோ பிடித்து நம்பர் எடுத்தாள். வாட்டில் வைத்து போனில் இமோ வீடியோ கோல் எடுத்துக்கொடுத்தார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டேன், அவர் கை நடுங்கியது. அந்தப் பக்கம் ஒரு கிழவர், குல்லா போட்டு, பின்னால் தேயிலை. இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் இவர், “ஸ்டேஷனுக்கு வராம இருந்திட்டேன்டா” என்றார். அவர், “அதை எப்பவோ மறந்திட்டேண்ணே, நீ சாப்பிட்டியா?” என்றார். அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு ராத்திரி தூக்க மாத்திரை கேட்கவில்லை.

உங்கள் பெரியவரிடமும் கேட்டுப் பாருங்கள். எந்த வேலைநிறுத்தத்தில் நின்றார், யாருக்காக நின்றார், பிரஜாவுரிமைப் பத்திரம் கையில் கிடைத்த நாள் எது என்று. சாமி இல்லாதவருக்கும் தான் வாழ்ந்தது வீண் போகவில்லை என்று தெரிய வேண்டும். இன்னொன்றும் கவனித்தீர்களா, இவ்வளவும் செய்தது முழுதாகத் தமிழ் தெரியாத ஒரு பிள்ளை. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பிலேயே எழுதியாயிற்று, ஆனாலும் நம் மலைநாட்டு வாட்டுகளில் இரவு இரண்டு மணிக்குத் தமிழில் கேட்க ஆள் இல்லாத கட்டில்கள் இன்னும் இருக்கின்றன. அது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். உடன் வேலை செய்கிறவர்களுக்கு ‘வலிக்குதா, பயமா இருக்கா, யாரைக் கூப்பிடணும்’ என்ற மூன்றையாவது கற்றுக்கொடுங்கள். அவர்களிடமிருந்து சிங்களத்தில் அதே மூன்றையும் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹப்புத்தளைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாலைந்து நாளாகச் செத்துப்போன அப்பாயி வந்து வாசலில் நிற்பதாகச் சொல்கிறார், ராத்திரி கதவைப் பூட்ட விடமாட்டேன் என்கிறார். பயந்து அழவில்லை, சிரித்துப் பேசுகிறார். பக்கத்து லயத்தில் பேய் கோளாறு, மந்திரிக்க வேண்டும் என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கொண்டுபோவதா?

பதில்: பயப்படாதீர்கள் மகள். கடைசி நாட்களில் இறந்துபோன சொந்தங்களைக் காண்பது எல்லா மதத்திலும் எல்லா நாட்டிலும் நடக்கிறது, நான் பல தடவை பார்த்திருக்கிறேன், அநேகமாக அம்மாதான் வருவார். காண்கிறவருக்கு அது நிம்மதியாக இருந்தால் வைத்தியம் வேண்டாம். “அப்படி யாரும் இல்லப்பா” என்று அடித்துப் பேசவும் வேண்டாம், நீங்களும் பார்ப்பதாகப் பொய் சொல்லவும் வேண்டாம். “அப்பாயி என்ன சொல்றாங்க?” என்று கேளுங்கள்.

ஆனால் திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் போனாலோ, பயந்து துணியைப் பிய்த்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, அது வேறு. அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள், சிறுநீர் அடைத்துக் கல்லாக இருக்கலாம். மோர்பின் சாப்பிடுகிறவருக்கு அநேகமாக மலச்சிக்கலும் வரும், அதுவும் ஆளை அலைக்கழிக்கும். மாத்திரை மாறியதா என்று பாருங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் தோட்டத்து மருத்துவ உதவியாளரையோ பக்கத்து ஆஸ்பத்திரியையோ உடனே கேளுங்கள், சரிசெய்யக்கூடியது. மந்திரிப்பது குடும்பத்துக்கு ஆறுதல் என்றால் வாசலில் வைத்துச் செய்துகொள்ளுங்கள், அவரை அடிக்கவோ புகை போடவோ எவரையும் விடாதீர்கள்.

கண் மூடி, பதில் இல்லாமல் போன பிறகும் பேசிக்கொண்டிருங்கள். 2020இல் வெளியான ஒரு ஆய்வுக்காகக் கனடாவின் வன்கூவரில், சாகும் தறுவாயில் நினைவு தப்பிக் கிடந்தவர்களின் மூளை அலைகளைப் பதிந்து பார்த்தார்கள், அவர்களில் சிலருக்குக் கடைசி மணி நேரங்களிலும் சத்தத்துக்கு மூளை அசைந்திருக்கிறது. அதனால் அவர் தலைமாட்டில் நின்று காணிச் சண்டையும் செலவுக் கணக்கும் பேசாதீர்கள். மாடு கன்று போட்டதா, பின்வாசலில் பீன்ஸ் கொடி பூத்ததா, பேத்தி பள்ளிக்கூடம் போனாளா, அதைச் சொல்லுங்கள்.

கதவை அவர் தூங்கும்வரை ஒரு சாண் திறந்தே வையுங்கள். ஹப்புத்தளைக் குளிர் கதவு வழியாக வரும், காலுக்கு இன்னொரு கம்பளி போட்டுவிடுங்கள்.